பிரிட்டிஷ் ஃபோக் ராக்: அந்தப் பெண் குரல்களைக் கேட்கும் முறை

பழைய நாட்டுப்பாடல்களை ராக் குழு முறையில் வாசிக்கும் பிரிட்டிஷ் ஃபோக் ராக் பற்றி எந்தப் பட்டியலை எடுத்தாலும் 1969 டிசம்பரில் வந்த ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பம்தான் முதலில் நிற்கும். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் அந்த ஆல்பத்துக்கு அந்த இடம் தகும். ஆனால் புதிதாகக் கேட்பவர் நேராக அதில் இறங்கினால் பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அதிலுள்ள ‘மேட்டி குரோவ்ஸ்’ பாட்டில் எட்டு நிமிடம் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். பல்லவி கிடையாது. இரண்டு கொலைகளைப் பாடகி செய்தி வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போவார். காது எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாவிட்டால் இது வெறும் சலிப்புதான்.

பழக்கத்தை ஒரு வரிசையில் ஏற்படுத்திக்கொள்ளலாம். முதலில் கதை, பிறகு குரல், அதன்பின் தாளமும் கிட்டாரும். இவை முடிந்ததும் அதே பாட்டை இன்னொருவர் குரலில் கேளுங்கள். இந்த நாலாவது வேலையில்தான் காது உண்மையாகத் திறக்கும். முதல் மூன்றும் அதற்கான ஆயத்தம் மட்டுமே.

தொடக்கம்: ஒரு மாலுமியின் பாட்டு

1969 ஜூலையில் வந்த ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ ஆல்பத்திலிருந்து ‘எ செய்லர்ஸ் லைஃப்’ என்ற 11 நிமிடப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுபவர் சாண்டி டென்னி. கதை சின்னது. ஒரு பெண் தன் மாலுமிக் காதலனைத் தேடிப் படகில் போகிறாள். எதிரே வந்த கப்பலில் விசாரிக்கிறாள், அவன் மூழ்கிவிட்டான் என்கிறார்கள். அவள் படகு பாறையில் மோதுகிறது. அவ்வளவுதான்.

முதல் முறை கதையை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். மார்ட்டின் லாம்பிள் தொடக்கத்தில் தாளமே பிடிப்பதில்லை, சிம்பலில் அலை எழுப்பிக்கொண்டிருப்பார். தாளம் எந்த இடத்தில் உறுதிப்படுகிறது என்று தேடிப் பாருங்கள். மூன்றாம் முறை, பாடல் வரிகள் முடிந்த பிறகு வருவதைக் கேளுங்கள். ரிச்சர்ட் தாம்ப்சனின் எலெக்ட்ரிக் கிட்டாரும், அப்போது விருந்தாளியாக மட்டும் வந்திருந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்தும். ஃபோக் கிளப்பில் பாடும் பாட்டாகத் தொடங்கி ராக் குழுவின் வாசிப்பாக முடிகிறது. இந்த இசைவகை பிறந்த கணத்தை ஒரே டிராக்கில் கேட்க வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் இல்லை.

அந்த ஆல்பம் கடைக்கு வருமுன், 1969 மே 12 அன்று எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் விபத்துக்குள்ளாகி லாம்பிள் இறந்துபோனார். வயது 19. மீதமிருந்தவர்கள் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற ஊரில் வீடு பிடித்துத் தங்கினார்கள். நடன அரங்குகளில் வாசித்துவந்த டேவ் மாட்டக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார், ஸ்வார்பிரிக் முழுநேர உறுப்பினரானார். பாஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் நாட்டுப்பாடல் மையமான செசில் ஷார்ப் ஹவுஸின் நூலகத்தில் பழைய பாடல்களைத் தேடியெடுத்தார். ‘லீஜ் அண்ட் லீஃப்’ அந்த வீட்டில் உருவானது. ‘எ செய்லர்ஸ் லைஃப்’ காதில் பதிந்த பிறகு அதற்குப் போனால் அந்நியமாக இருக்காது.

கதைப்பாடலைப் பின்தொடர்வது

‘மேட்டி குரோவ்ஸ்’ பாட்டை வைத்துப் பழகுங்கள். பிரபுவின் மனைவி மேட்டி குரோவ்ஸை வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொல்லிவிடுகிறான். பிரபு வந்து இருவரையும் எழுப்புகிறான், சண்டையில் மேட்டி சாகிறான். இப்போது யாரைப் பிடிக்கிறது என்று மனைவியிடம் கேட்கிறான். செத்தவனைத்தான் என்கிறாள். அவளையும் கொல்கிறான். இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்லிவிட்டு, உயர்குடியில் பிறந்தவள் என்பதால் அவளை மேலே வைக்கச் சொல்கிறான்.

இதில் புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் மூன்று.

யார் பேசுகிறார்கள் என்பது தெரியாமல் போவது முதலாவது. இந்தப் பாடல்களில் பேசுபவர் மாறும்போது முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது. நாலு பேர் பேசுகிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் போதும். வரிகளை ஒரு முறை கண்ணால் படித்துவிட்டு, பிறகு தாளை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். படித்துக்கொண்டே கேட்டால் கண்தான் வேலை செய்யும், காது தூங்கிவிடும்.

இரண்டாவது, பாடகி ஏன் அழவில்லை என்ற ஏமாற்றம். திரைப்பாட்டில் பாடுபவர் கதாபாத்திரமாகவே மாறிவிடுவார். இங்கே பாடகி கதை சொல்லி. கொலைகாரனின் வார்த்தையையும் கொலையுண்டவளின் வார்த்தையையும் ஏறக்குறைய ஒரே தொனியில் சொல்வதுதான் மரபு. உணர்ச்சி கேட்பவரிடம்தான் நிகழ வேண்டும். சாண்டி டென்னி ஆளுக்கொரு குரல் மாற்றுவதில்லை. எங்கே ஒலியைக் கூட்டுகிறார், எங்கே ஒரு சொல்லை அரைக்கணம் தாமதிக்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாவது, மீண்டும் மீண்டும் வரும் சொற்றொடர்கள். பால்வெள்ளைக் குதிரையும் பொன்முடியும் பாட்டுக்குப் பாட்டு வருவதைப் பார்த்துக் கற்பனை வறட்சி என்று நினைத்துவிடக் கூடாது. வாய்வழியாக வந்த பாடல்களில் இவை நினைவுக்கான தூண்கள். ஒரே வாக்கியம் ஒரு சொல் மட்டும் மாறித் திரும்ப வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கதை நகர்வது அந்த ஒரு சொல்லில்தான். செடிகளுக்கும் ரகசியப் பொருள் உண்டு. தைம் என்ற மூலிகை கன்னிமைக்கும், ரூ என்ற கசப்புச் செடி பின்வருத்தத்துக்கும் நிற்கும். பென்டாங்கிள் குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு முழுக்க இந்தச் சங்கேதம்தான். தோட்டக்கலைப் பாட்டு என்று எண்ணிக் கேட்டால் ஒன்றும் தேறாது.

ராகம் தெரிந்த காதுக்கு

கர்நாடக இசைப் பழக்கம் இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. இந்தப் பாடல்களில் பல, மேஜர், மைனர் என்ற இரண்டில் அடங்காமல் மோடு என்ற பழைய சுரவரிசைகளில் அமைந்தவை. டோரியன் மோடின் சுரங்கள் கரஹரப்பிரியாவின் சுரங்கள். மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, ஏயோலியன் நடபைரவி. ஃபேர்போர்ட்டின் ‘வாட் வி டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்’ ஆல்பத்தில் சாண்டி பாடும் அயர்லாந்துப் பாட்டான ‘ஷி மூவ்ட் த்ரூ தி ஃபேர்’ மிக்ஸோலிடியனில் இருக்கிறது. செல்பேசியில் தம்பூராச் செயலியை அந்த ஆதார சுருதிக்கு வைத்துக்கொண்டு மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள், கைசிகி நிஷாதம் விழும் இடம் உடனே பிடிபடும்.

இந்தக் குறுக்குவழியில் நெடுந்தூரம் போகாதீர்கள். சுரங்கள் ஒன்றே தவிர ராகம் ஒன்றல்ல. கமகத்தைத் தேடினால் கிடைக்காது. இவர்களின் அலங்காரம் சிறியது. ஒரு சுரத்தைத் தொடுமுன் பக்கத்துச் சுரத்தை லேசாக உரசுவது, சொல்லின் நடுவில் மூன்று சுரத் திருப்பம் ஒன்று போடுவது, அவ்வளவே. நீண்ட சுரம் பெரும்பாலும் ஆடாமல் நேராக நிற்கும். அந்த நேர்கோட்டை வெறுமை என்று எண்ணிவிட்டால், கீழே வரும் ஷெர்லி காலின்ஸை உங்களால் ஒருபோதும் ரசிக்க முடியாது.

குரல்கள்

சாண்டி டென்னி (1947–1978). கிசுகிசுப்புக்கு அருகிலிருந்து முழுக்குரலுக்கு ஒரே வரிக்குள் ஏறிவிடுவார். வரி தொடங்குமுன் மூச்சு கேட்கும், அதையும் பாட்டின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவரே எழுதிய ‘ஹூ நோஸ் வேர் தி டைம் கோஸ்’ எல்லோரும் அறிந்தது. ஆனால் மரபுப் பாடலில் அவர் உச்சம் தொட்டது ஃபாதரிங்கே குழுவோடு 1970இல் வந்த, அதே பெயர் கொண்ட ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘பேங்க்ஸ் ஆஃப் தி நைல்’ என்பது எங்கள் கணிப்பு. எகிப்துப் போருக்குக் கிளம்பும் காதலனோடு ஆண்வேடம் போட்டு வருகிறேன் என்கிறாள் ஒருத்தி. எட்டு நிமிடம், குழு முழுக்க அவர் மூச்சுக்குக் காத்திருக்கும். தனி ஆல்பங்களில் 1971இன் ‘நார்த் ஸ்டார் கிராஸ்மன்’, 1972இன் ‘சாண்டி’ என்ற வரிசையில் போங்கள். 1977இன் ‘ராண்டவூ’வைக் கடைசிக்கு வையுங்கள். வாத்தியங்களைக் குவித்துக் குரலை மூடிவிட்டார்கள். லெட் செப்பலினின் ‘பேட்டில் ஆஃப் எவர்மோர்’ (1971) பாட்டில் ராபர்ட் பிளான்ட்டோடு சேர்ந்து பாடுபவரும் இவர்தான். ராக் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அது நல்ல நுழைவாயில்.

ஜாக்கி மெக்‌ஷீ பென்டாங்கிளின் குரல். உயரமானது, தெளிவானது, அதிர்வு மிகக் குறைவு. அவரைத் தனியாகக் கேட்பதில் பயனில்லை. டேனி தாம்ப்சனின் டபுள் பாஸோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இருவருக்கும் நடுவிலுள்ள பெரிய இடைவெளியில்தான் பெர்ட் ஜான்ஷும் ஜான் ரென்போர்னும் கிட்டார் வாசிக்கிறார்கள். 1969இன் ‘பாஸ்கெட் ஆஃப் லைட்’ ஆல்பத்தில் எலெக்ட்ரிக் வாத்தியமே கிடையாது என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதன் முதல் பாட்டு ‘லைட் ஃபிளைட்’. பிபிசியின் ‘டேக் த்ரீ கேர்ள்ஸ்’ தொடருக்குத் தலைப்பு இசையாக இருந்தது. தாளம் 5, 7, 6 என்று மாறிக்கொண்டே போகும். தொடையில் தகதகிட, தகிட தகதிமி என்று போட்டுப் பாருங்கள். இரண்டு முறை தவறும், மூன்றாம் முறை உட்கார்ந்துவிடும். மெக்‌ஷீ அதன்மேல் தாளக் கணக்கே இல்லாதவர்போல மிதந்து போவது அப்போதுதான் புரியும்.

மேடி பிரையர், ஸ்டீல்ஐ ஸ்பான் குழு. பளிச்சென்ற, முன்னால் வந்து நிற்கும் குரல். சாண்டி வரியை மூச்சால் வளைத்தால் இவர் அதைச் செதுக்குவார். 1972இன் ‘பிலோ தி சால்ட்’ ஆல்பத்திலுள்ள ‘கௌடெட்டே’ வாத்தியமே இல்லாத லத்தீன் பாட்டு, 1582இல் அச்சான ஒரு தொகுப்பிலிருந்து வந்தது. ஓர் எச்சரிக்கை: பாட்டு மிக மெல்லத் தொடங்கி, பாடகர்கள் தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல ஒலி கூடிக்கொண்டே போகும். ஒன்றும் கேட்கவில்லையே என்று ஆரம்பத்தில் வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள். நடுவில் காது கிழியும். 1975இல் பிரிட்டனில் 5ஆம் இடம் வரை போன ‘ஆல் அரவுண்ட் மை ஹேட்’ கலகலப்பானது. குரலைப் படிக்க அது அவ்வளவு உதவாது.

ஷெர்லி காலின்ஸ் 1935இல் சஸெக்ஸ் மாவட்டத்தின் ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். அலங்காரமே இல்லாத குரல், ஊர் உச்சரிப்பு அப்படியே. 1969இன் ‘ஆந்தெம்ஸ் இன் ஈடன்’ ஆல்பத்தில் அக்கா டாலி காலின்ஸ் அமைத்த இசையில், கிரம்ஹார்ன், சாக்பட் போன்ற பழங்கால வாத்தியங்களுக்கு நடுவில் பாடுகிறார். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பாத கிராமத்து ஆண்களைச் சுற்றி நகரும் ஒரே பாடல்தொடர், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். 1971இன் ‘நோ ரோஸஸ்’ ஆல்பத்தில் அதே குரல் டிரம்ஸுக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் முன் நிற்கிறது. குரல் துளியும் மாறவில்லை, சுற்றிலும் உள்ளதுதான் மாறுகிறது. பின்னாளில் டிஸ்ஃபோனியா என்ற குரல் கோளாறால் பாடுவதை நிறுத்தியவர், 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2016இல் ‘லோட்ஸ்டார்’ ஆல்பத்தோடு 81 வயதில் திரும்பினார். குரல் ஒரு படி இறங்கியிருக்கும், சொல்லும் முறை அதேதான்.

ஆன் பிரிக்ஸ் ராக் பாடகியே அல்ல. ஆனால் மேலே சொன்ன பலருக்கும் பாட்டு போய்ச் சேர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. நாட்டிங்ஹாம்ஷயர்க்காரர், பெரும்பாலும் துணைவாத்தியம் இல்லாமல் பாடுவார். ‘பிளாக்வாட்டர் சைட்’ பாட்டைப் பெர்ட் ஜான்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 1971இல் வந்த, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம் கட்டாயம் வேண்டும். காரணம் அடுத்த பகுதியில்.

லிண்டா தாம்ப்சனுக்கு 1974இன் ‘ஐ வான்ட் டு சீ தி பிரைட் லைட்ஸ் டுநைட்’, ஜூன் டேபருக்கு 1976இன் ‘ஏர்ஸ் அண்ட் கிரேஸஸ்’. டேபரின் தாழ்ந்த, இருண்ட குரலுக்குக் காது பழகக் கொஞ்சம் நாளாகும்.

ஒரே பாட்டு, வேறு குரல்

இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஒரு ஜோடி போதும். இரண்டு பதிவையும் அடுத்தடுத்து, பிறகு வரிசையை மாற்றி இன்னொரு முறை.

‘டேம் லின்’ முதல் ஜோடி. ஜேனட் என்ற பெண், தேவதைகளின் அரசி பிடித்து வைத்திருக்கும் காதலனை மீட்கிறாள். ஹாலோவீன் இரவில் அவனைக் குதிரையிலிருந்து இழுத்து, பாம்பாகவும் சிங்கமாகவும் அவன் மாற மாற விடாமல் கட்டிப்பிடித்திருக்கிறாள். ‘லீஜ் அண்ட் லீஃப்’பில் சாண்டி பாடுவதை மாட்டக்ஸின் டிரம்ஸும் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிட்டாரும் வெட்டி வெட்டித் தள்ளும். ஆன் பிரிக்ஸின் 1971 ஆல்பத்தில் இதே கதை ‘யங் டாம்ப்ளிங்’ என்ற பெயரில், துணைக்கு எதுவுமில்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். முதலில் பிரிக்ஸைக் கேளுங்கள். தாளம் சொல்லிலிருந்தே பிறப்பதைக் கேட்ட பிறகு ஃபேர்போர்ட்டுக்கு வந்தால், டிரம்ஸ் எதைப் பின்பற்றுகிறது என்பது தெரியும். மாற்றிக் கேட்டால் பிரிக்ஸ் மந்தமாகத் தோன்றுவார், அது அவர் குற்றமல்ல.

இரண்டாவது ‘வில்லி ஓ வின்ஸ்பரி’யின் மெட்டு. பிரிக்ஸின் அதே ஆல்பத்திலும், மெக்‌ஷீ குரலில் பென்டாங்கிளின் ‘சாலமன்ஸ் சீல்’ (1972) ஆல்பத்திலும் உண்டு. அதே மெட்டுக்கு ரிச்சர்ட் தாம்ப்சன் புது வரிகள் எழுத, சாண்டி பாடியதுதான் ‘லீஜ் அண்ட் லீஃப்’பின் ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’. மெட்டு ஒன்று, குரல் மூன்று. ஒவ்வொருவரும் வரியின் கடைசிச் சுரத்தை எப்படி விடுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

‘பிளாக்வாட்டர் சைட்’ மூன்றாவது. பிரிக்ஸும் சாண்டியும் 1971இலேயே ஆளுக்கொரு ஆல்பத்தில் வெளியிட்டார்கள். நாலாவது ‘தி பிளாக்ஸ்மித்’. ஸ்டீல்ஐ ஸ்பான் தன் முதல் ஆல்பமான ‘ஹார்க்! தி வில்லேஜ் வெய்ட்’டிலும் (1970) அடுத்ததான ‘ப்ளீஸ் டு சீ தி கிங்’கிலும் (1971) பதிவு செய்தது. முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசிக்க இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவதில் டிரம்மரே கிடையாது. மார்ட்டின் கார்த்தியின் எலெக்ட்ரிக் கிட்டாரும், ஃபேர்போர்ட்டிலிருந்து வந்த ஹட்சிங்ஸின் பாஸும் தாளப் பொறுப்பை ஏற்கின்றன. பாடுவது இரண்டிலும் மேடி பிரையர். துணை மாறும்போது ஒரே பாடகி எவ்வளவு மாறுகிறார் என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

கெடுக்கும் விஷயங்கள்

செல்பேசி ஸ்பீக்கரில் டேனி தாம்ப்சனின் பாஸ் முழுதாகக் காணாமல் போகும். மிஞ்சுவது மெல்லிய கிட்டாரும் உயர்ந்த குரலும் மட்டும், பென்டாங்கிள் தாலாட்டுக் குழுபோல ஒலிக்கும். சுமாரான ஹெட்ஃபோன் போதும். ஈக்வலைசரில் ட்ரெபிளைக் கூட்டாதீர்கள், ஃபிடில் கீச்சிடும்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பவை பெரும்பாலும் கூடுதல் டிராக் சேர்த்த மறுபதிப்புகள். ‘லீஜ் அண்ட் லீஃப்’ அசல் எட்டுப் பாட்டு, ‘கிரேஸி மேன் மைக்கேல்’ என்பதோடு முடிகிறது. அங்கே நிறுத்துங்கள். கூடுதல் பாட்டுகளைப் பிறகு தனியாகக் கேட்கலாம். சாண்டி டென்னி விஷயத்தில் தொகுப்பு ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன, டெமோவும் மாற்றுப் பதிவும் கலந்து வரும். முதலில் அசல் ஆல்பப் பதிவைக் கேட்டுவிடுங்கள். இசைத்தட்டு வாங்குபவர் ஐலண்ட் நிறுவனத்தின் பிங்க் லேபிள் முதல் பதிப்புக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. கீறல் விழுந்த முதல் பதிப்பைவிடச் சுத்தமான மறுபதிப்பில் குரல் நன்றாகவே கேட்கும்.

எல்லாமே இடைக்காலப் பாட்டு என்ற நினைப்பும் வேண்டாம். பல 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தெருவில் விற்ற ஒற்றைத்தாள் அச்சுப் பாடல்கள். நீண்ட ஆடையும் மெழுகுவத்தியுமாக எடுத்த ஆல்பப் படங்கள் உண்டாக்கிய மயக்கம் இது. ‘மேட்டி குரோவ்ஸ்’ கதை பழையதுதான், ஆனால் ஃபேர்போர்ட் எடுத்துக்கொண்ட மெட்டு அமெரிக்காவில் வழங்கிய ‘ஷேடி குரோவ்’ பாட்டினுடையது.

மேலே தேட

கதைப்பாடல்களுக்கு இரண்டு எண்முறைகள் உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 305 கதைப்பாடல்கள் இருக்கின்றன. ‘மேட்டி குரோவ்ஸ்’ சைல்ட் 81, ‘டேம் லின்’ சைல்ட் 39. ஸ்டீவ் ரவுட் உருவாக்கிய ரவுட் அட்டவணை இன்னும் விரிவானது, அதில் இவை முறையே 52, 35. செசில் ஷார்ப் ஹவுஸிலுள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் அதை இலவசமாகத் தேடலாம். பாட்டின் பெயரைக் கொண்டு தேடினால் பாதிதான் கிடைக்கும், ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஏதாவது ஒரு பெயரில் பாட்டைப் பிடித்து, ரவுட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்து மறுபடி தேடுங்கள். ஒரே கதையின் வேறு பெயர்களும், எந்த ஊரில் யாரிடமிருந்து பதிவானது என்பதும் ஒன்றாக வந்து நிற்கும். அந்தப் பெயர்களோடு பாடகிகளின் பெயரையும் சேர்த்து ஸ்ட்ரீமிங் தளத்தில் இட்டால் அடுத்த ஜோடி கிடைத்துவிடும்.